பூத்தும் காய்க்காத செர்ரி: பிங் மரத்துக்கு ஏற்ற துணை எது?

அமெரிக்காவின் சியாட்டில் நகருக்கு அருகில் வசிக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி: “ஏழு ஆண்டுகளுக்கு முன் பிங் ரகச் செர்ரி மரம் ஒன்றை நட்டேன். தனி மரம் காய்க்காது என்றதால் லாம்பர்ட் ரகத்தையும் பக்கத்தில் நட்டேன். இரண்டும் பூத்துக் குலுங்குகின்றன. ஆனால் காய் பிடிக்கவில்லை. என்ன குறை?”

மரங்களில் குறையில்லை, இணைதான் பொருந்தவில்லை. இனிப்புச் செர்ரியின் பெரும்பாலான ரகங்கள் தம் மகரந்தத்தைத் தாமே ஏற்பதில்லை என்பதால், இன்னொரு மரம் வேண்டும் என்று உங்களுக்குச் சொன்னது சரியே. ஆனால், வேறு ரகமாக இருந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு ரகத்திலும் எஸ் எனப்படும் மரபணுவின் இரண்டு வடிவங்கள் இருக்கின்றன. மகரந்தத் துகளுக்கு அவற்றுள் ஒன்றுதான் வந்துசேரும். அந்த ஒன்று, துகள் விழுகிற பூவின் இரண்டு வடிவங்களில் எதனுடனாவது ஒத்திருந்தால், மகரந்தக்குழல் சூலகத்தண்டின் வழியிலேயே வளர்ச்சி நின்று மடிகிறது. பங்காளி வீட்டில் பெண் எடுக்காத வழக்கம் நமக்குத் தெரியாததன்று. செர்ரியும் ஏறக்குறைய அதையே கடைப்பிடிக்கிறது. பிங், லாம்பர்ட் இரண்டுமே எஸ்3, எஸ்4 கொண்டவை. எனவே அவற்றை எத்தனை நெருக்கமாக நட்டாலும் பயனில்லை. ராயல் ஆன் ரகமும் இதே கூட்டம்தான், அதை வாங்கிவிடாதீர்கள்.

வான் (எஸ்1, எஸ்3), ரெய்னியர் (எஸ்1, எஸ்4) ஆகியவற்றின் மகரந்தத்தில் பாதி உங்கள் மரங்களுக்குப் பயன்படும். பூக்கள் எல்லாமே காயாக வேண்டியதில்லை என்பதால் அதுவே போதும். பிளாக் டார்டாரியனின் (எஸ்1, எஸ்2) மகரந்தம் முழுவதும் ஏற்கப்படும்.

எனினும், ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம் உண்டென்றால் நான் லாப்பின்ஸையே பரிந்துரைப்பேன். இது, கனடாவின் சம்மர்லாந்து ஆய்வு நிலையம் 1968இல் வெளியிட்ட, தானே காய்க்கும் ஸ்டெல்லாவின் வழிவந்தது. எக்ஸ் கதிரால் உண்டான மாற்றத்தின் விளைவாக, இதன் மகரந்தத்திலுள்ள எஸ்4 வடிவத்தை எந்தப் பூவும் அடையாளம் கண்டு தடுப்பதில்லை; மற்றொன்று எஸ்1 என்பதால் அதற்கும் பிங்கில் தடையில்லை. மான்ட்மொரன்சி போன்ற புளிப்புச் செர்ரிகளைத் துணையாக நம்ப வேண்டாம். அவை பெரும்பாலும் பிந்திப் பூப்பவை.

வாங்குமுன் சோதிக்க எளிய வழி உண்டு. பொருத்தமான ரகத்தின் பூத்த கிளைகள் சிலவற்றை நண்பர் தோட்டத்திலிருந்து வெட்டி வந்து, நீர் நிறைந்த வாளியில் இட்டு, பிங் மரத்தடியில் வையுங்கள். தேனீக்கள் நடமாடும் வெயில் நாளாக இருக்க வேண்டும். 13 பாகை செல்சியசுக்குக் கீழே குளிரும்போதும் மழையிலும் அவை அதிகம் வெளிவருவதில்லை, உங்கள் ஊரின் ஏப்ரல் மாதம் எப்படிப்பட்டது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

புதுக் கன்று பூக்கச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை காத்திருக்க மனமில்லையென்றால், லாம்பர்ட்டின் ஓரிரு கிளைகளில் வான் அல்லது லாப்பின்ஸ் குச்சிகளை ஒட்டுக் கட்டலாம். ஒட்டிய கிளையில் அடையாளத் துணி ஒன்றைக் கட்டிவையுங்கள். கவாத்துச் செய்பவர் அறியாமல் அதையே வெட்டிவிடுவதுண்டு.