தண்ணீர் குடித்தும் நீர்க்கடுப்பு திரும்புவது ஏன்?

வாசகி கேள்வி: பள்ளி ஆசிரியை, வயது 38. இந்த ஒரு வருஷத்தில் மூன்று தடவை நீர்க்கடுப்பு வந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் கல்ச்சரில் (சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) ஈ.கோலை என்ற கிருமி என்றே வந்தது. மாத்திரை சாப்பிட்டால் இரண்டு நாளில் எரிச்சல் போய்விடுகிறது. ஆறேழு வாரத்தில் மறுபடி ஆரம்பிக்கிறது. நிறையத் தண்ணீர் குடித்தால் கிருமியெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடாதா? ஆன்லைனில் டி-மேனோஸ் பொடி விற்கிறார்களே, வாங்கலாமா?

பதில்: கழுவிக்கொண்டு போகும் என்றுதான் யாருமே நினைப்போம். ஆனால் ஈ.கோலை அந்த வெள்ளத்துக்குத் தயாராகவே வருகிறது. அதன் உடம்பெங்கும் மெல்லிய இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். இழையின் நுனியில் ஃபிம்ஹெச் என்றொரு புரதம். சிறுநீர்ப்பையின் உள்சுவர்ச் செல்கள்மீது யூரோபிளாக்கின் என்ற புரதம் ஓடு வேய்ந்ததுபோல் பரவியிருக்கும். அதில் மேனோஸ் என்ற சர்க்கரை தொங்கிக்கொண்டிருக்கும். ஃபிம்ஹெச் கவ்வுவது அந்தச் சர்க்கரையைத்தான்.

அது கவ்வும் விதம் வேடிக்கையானது. சுருக்கு முடிச்சு இழுத்தால் இறுகும், விட்டால் தளரும் அல்லவா? ஃபிம்ஹெச்சும் அப்படித்தான். சிறுநீர் வேகமாகப் பாயும்போது பிடி இறுகுகிறது. ஓட்டம் அடங்கியதும் பிடி தளர்ந்து, கிருமி மெல்ல உருண்டு பக்கத்து இடத்துக்கு நகர்கிறது.

அப்புறம் நடப்பதுதான் உங்கள் கேள்விக்கான விஷயம். சிறுநீர்ப்பை நிரம்பும்போது அதன் சுவர் விரிந்தாக வேண்டும். அதற்காக மேலடுக்குச் செல்கள் கூடுதல் சவ்வைச் சின்னச் சின்னப் பைகளாக உள்ளே வைத்திருக்கும். நிரம்ப நிரம்ப அதை மேற்பரப்பில் கொண்டுவந்து சேர்க்கும். நீங்கள் சிறுநீர் கழித்ததும் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். யூரோபிளாக்கினைப் பிடித்துக்கொண்டிருக்கும் கிருமியும் அந்தச் சவ்வோடு சேர்ந்து உள்ளே போய்விடுகிறது. இன்னொரு வழியும் உண்டு. செல்லின் மேலுள்ள இன்டெக்ரின் என்ற புரதத்தையும் ஃபிம்ஹெச் பற்றும். உடனே செல்லுக்குள் அதன் வடிவத்தைத் தாங்கும் ஆக்டின் என்ற புரத இழைகள் இடம் மாற, செல்லே தன் சவ்வால் கிருமியைச் சுற்றி வளைத்து உள்ளே எடுத்துக்கொள்கிறது. கிருமி எதையும் உடைக்கவில்லை; வேலை முழுவதையும் செய்தது நம் செல்தான்.

செல்லும் ஏமாளியல்ல. அடையாளம் கண்டால் கிருமியை வெளியே துப்பிவிடும். முடியாவிட்டால் தானே உதிர்ந்து சிறுநீரோடு போய்விடும். இதில் தப்பியவை செல்லுக்குள் சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கில் பெருகும். இன்னும் சில, அடியிலுள்ள இளம் செல்களுக்குள் புகுந்து, பெருகாமல் வாரக்கணக்கில் பதுங்கிக் கிடக்கும். எலிகளில் இதைத் தெளிவாகப் பார்த்திருக்கிறார்கள். நோயாளிகளின் சிறுநீரில் உதிர்ந்த செல்களுக்குள்ளும் கிருமிக் கூட்டங்கள் தென்பட்டிருக்கின்றன. பதுங்கியிருப்பவற்றை மாத்திரை எளிதில் எட்டாது. ஆனால் திரும்பி வருவதெல்லாம் இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. குடலிலிருந்து புதிதாக வந்து சேர்வதும் சகஜம்.

அப்படியானால் தண்ணீர் வீணா? இல்லை. ஒட்டியதை அது பிடுங்காது, மிதந்துகொண்டிருப்பதை வெளியேற்றும். 2018-இல் வெளியான ஆய்வு ஒன்றில், அடிக்கடி நீர்க்கடுப்பு வரும், தண்ணீர் குறைவாகக் குடிக்கும் 140 பெண்களில் பாதிப் பேரைத் தினமும் கூடுதலாக 1.5 லிட்டர் குடிக்கச் சொன்னார்கள். ஒரு வருஷத்தில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 தடவை வந்தது, மற்றவர்களுக்கு 3.2. பள்ளிக் கழிப்பறைக்குப் பயந்து காலையிலிருந்து பாட்டிலைத் தொடாமலே இருக்கும் ஆசிரியைகள் எத்தனையோ பேர். நீங்களும் அப்படியென்றால் முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான்.

டி-மேனோஸ் பொடியின் யோசனை அழகானது: செல்லில் இருக்கும் அதே சர்க்கரையைச் சிறுநீரில் விட்டால், ஃபிம்ஹெச் அதைக் கவ்விக்கொண்டு ஏமாந்துபோகும். பிரிட்டனில் 598 பெண்களிடம் ஆறு மாதம் சோதித்து 2024-இல் முடிவை வெளியிட்டார்கள். தொற்று என்று மறுபடி மருத்துவ உதவி தேடியவர்கள் பொடி சாப்பிட்டவர்களில் 51 சதவீதம், சாப்பிடாதவர்களில் 56. தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசம் இது. நானாக இருந்தால் வாங்கமாட்டேன். கிரான்பெர்ரிக்கு ஓரளவு ஆதாரம் உண்டு, ஆனால் சர்க்கரை கலந்த ஜூஸ் வேண்டாம். பார்லித் தண்ணீர் பிடித்தால் தாராளமாகக் குடியுங்கள். அதுவும் தண்ணீர்க் கணக்குதான்.

அடுத்த தடவை எரிச்சல் தொடங்கினால், மிச்சமிருக்கும் பழைய மாத்திரையைப் போடாதீர்கள். கல்ச்சருக்குச் சிறுநீர் கொடுத்துவிட்டு மருந்தைத் தொடங்குங்கள். எரிச்சல் போனாலும், சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள். வருஷத்தில் மூன்று தடவை என்பது சிறுநீரக மருத்துவரிடம் போகவேண்டிய கணக்கு. கல், சர்க்கரை நோய் இருக்கிறதா என்று பார்ப்பார். தேவையென்றால் தடுப்பு மருந்தும் தருவார். இதற்கிடையில் காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாப்பக்க முதுகுவலி என்று எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருக்கலாம்.