1911 பிஸ்டலில் பின் (pin) வர மாட்டேன் என்றால் முதலில் சுத்தியலைக் கீழே வையுங்கள்

பழைய 1911 மாடல் பிஸ்டலை முழுசாகக் கழற்றும்போது பாகங்களைப் பிடித்து வைத்திருக்கும் சின்ன பின்கள் மட்டும் அசையவே மாட்டேன் என்கின்றன, அடித்து எடுக்கலாமா என்று டெக்சாஸிலிருந்து நம்ம நெல்லைத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்.

தம்பி, நான் ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கி ரிப்பேர் பார்ப்பவனாக இருந்தவன், இப்போது பாளையங்கோட்டையில் தையல் மெஷின் ரிப்பேர் பார்க்கிறேன். எங்கள் கையில் புழங்கியது இஷாப்பூர் ஆலையில் செய்த 9 எம்.எம். பிஸ்டல். ஆனால் மாப்பிள்ளையும் டெக்சாஸ் பக்கம்தான், அவருடைய 1911-ஐ வாட்ஸ்அப் வீடியோவில் பார்த்துப் பார்த்தே கழற்ற வைத்திருக்கிறேன், அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்.

மெகசினை எடுத்து, தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து, தோட்டாக்களை அடுத்த அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள்.

1911-ஐ ஜான் பிரௌனிங் வடிவமைத்த விதமே தனி. ஹேமர் என்பது சுடும்போது முன்னால் பாய்ந்து அடிக்கும் பகுதி, சியர் என்பது அதை ஏற்றிய நிலையில் பிடித்து வைக்கும் கொக்கி. ஹேமர் பின்னும் சியர் பின்னும் விரலால் தள்ளினாலே வர வேண்டியவை. வரவில்லை என்றால் ஏதோ ஒரு ஸ்பிரிங் இன்னும் அழுத்திக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். முதலில் கட்டைவிரலால் தள்ளும் பூட்டான தம்ப் சேஃப்டியை எடுங்கள், ஹேமரைக் கட்டைவிரலால் பிடித்துப் பைய இறக்குங்கள், அப்புறம் ஹேமரை இயக்கும் மெயின்ஸ்பிரிங் இருக்கிற கூட்டின், அதாவது மெயின்ஸ்பிரிங் ஹவுசிங்கின் பின்னைத் தள்ளி ஹவுசிங்கைக் கீழே உருவுங்கள். ஹேமர் ஏறியிருக்கும்போது அந்தப் பின்னோடு மல்லுக்கட்டினால் நேரம்தான் போகும். இதெல்லாம் முடிந்தபிறகு ஹேமர், சியர் பின்களுக்குத் தலை இடதுபக்கம் இருப்பதைப் பாருங்கள். வலதுபக்கத்திலிருந்துதான் தள்ள வேண்டும். தலைப்பக்கமே வைத்து அடிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன், சரி விடுங்கள்.

சுட்ட தோட்டாக் கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டரின் பின் மாதிரி இறுக்கமானவை வேறு ரகம். அவசியம் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். தொட்டே ஆக வேண்டுமென்றால் முந்தின இரவே இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு வையுங்கள். பின்னைவிடக் கொஞ்சமே மெலிந்த, முனை தட்டையான பன்ச், அதாவது பின்னைத் தட்டி எடுக்கும் கம்பி வேண்டும். முதல் தட்டுக்குக் குட்டையான பன்ச், பின் அசைந்தபிறகு நீளமானது. நீளமானதையே முதலில் வைத்தால் வளைந்துவிடும். அடியில் ஒரு பூவரசங்கட்டையில் துளை போட்டுத் தாங்கல் கொடுங்கள், பின் விழ இடம் வேண்டும். பித்தளைச் சுத்தியால் தட்டினால் போதும். பயிற்சிக் காலத்தில் நான் ஆணியைத் தேய்த்துப் பன்ச்சாக்கி அடித்தேன், பின்னின் முனை காளான் மாதிரி விரிந்து துளைக்குள்ளேயே சிக்கிக்கொண்டது, அன்று ஹவில்தாரிடம் வாங்கிய வசவு இன்னும் காதில் இருக்கிறது. விரிந்துவிட்டால் மேலும் அடிக்காதீர்கள், பிசிறை அரம் வைத்து எடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

ஹவுசிங்குக்குள் இருக்கும் குட்டிப் பின்தான் ஆபத்தானது. அதன் பின்னால் 23 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 10 கிலோ அழுத்தத்தில் மெயின்ஸ்பிரிங் நிற்கிறது. வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் கருவியில்) வைத்து, ஸ்பிரிங்கின் மூடியை அழுத்திக்கொண்டுதான் பின்னை எடுக்க வேண்டும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், கையையும் சாமானையும் ஒரு பெரிய பாலிதீன் பைக்குள் விட்டுச் செய்யுங்கள்.

ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி ரிப்பேர் தொழிலுக்கே தனி லைசென்ஸ் வேண்டும், வீட்டில் வைத்து நோண்டாதீர்கள்.

அந்தப் பையை மாப்பிள்ளை வேண்டாம் என்றார். அந்தக் குட்டிப் பின் மூன்று நாள் கழித்து மகளின் செருப்புக்குள் கிடைத்தது.