ஏழு சபைகளைக் காண இரண்டு நாள் போதுமா?

கேள்வி: பாளையங்கோட்டையில் உள்ள எங்கள் சபையிலிருந்து 26 பேர், வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் ஏழு சபைகளின் ஊர்களைக் காணத் துருக்கி செல்ல விரும்புகிறோம். பாதிப்பேர் 60 வயதைக் கடந்தவர்கள். பயண நிறுவனம் ஒன்று தந்துள்ள எட்டு நாள் திட்டத்தில் இஸ்தான்புல்லுக்கும் கப்பத்தோக்கியாவுக்கும் நான்கு நாள்களும் "ஏழு ஆலயங்களுக்கு" இரண்டு நாள்களும் ஒதுக்கப்பட்டுள்ளன. பத்மு தீவையும் இடையில் சேர்க்கலாம் என்கிறார்கள். இதற்கு ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: திட்டத்தாளில் உள்ள "ஏழு ஆலயங்கள்" என்ற சொல்லை முதலில் திருத்திக்கொள்ளுங்கள். வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் யோவானின் ஏழு கடிதங்கள், ஏழு நகரங்களில் கூடிவந்த விசுவாசிகளுக்கு எழுதப்பட்டவை. அந்த முதல் நூற்றாண்டு மக்கள் கூடிய இடம் இதுதான் என்று உறுதியாகக் காட்டத்தக்க கட்டடம் அந்த ஏழு ஊர்களில் ஒன்றிலும் இல்லை. அங்கே காணக்கிடைக்கும் தேவாலய இடிபாடுகள் நான்காம் நூற்றாண்டையும் அதற்குப் பிந்திய காலத்தையும் சேர்ந்தவை. இதைப் புறப்படுமுன் சொல்லிவைக்காவிட்டால், இரண்டாம் நாளே "கோயில் எங்கே?" என்ற முணுமுணுப்பு பேருந்துக்குள் எழும்.

இரண்டு நாள் போதாது. ஏழு ஊர்களும் மேற்குத் துருக்கியில் ஒரு வளையம்போல் அமைந்திருந்தாலும், சிமிர்னாவாகிய இன்றைய இஸ்மிரிலிருந்து பெர்கமுவுக்கு வடக்கே 100 கிலோமீட்டருக்கு மேலும், லவோதிக்கேயாவிலிருந்து எபேசுவுக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டரும் பயணம் செய்ய வேண்டியிருப்பதால், இரண்டு நாள் திட்டத்தில் பெரும்பகுதி நேரம் பேருந்து இருக்கையிலேயே கழிந்துவிடும். உங்கள் குழுவின் வயதைப் பார்த்தால் நான்கு நாள்களைக் கேட்டு வாங்குங்கள். அந்த நாள்களுக்காகக் கப்பத்தோக்கியாவை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. பேதுருவின் முதல் நிருபத்தில் அதன் பெயர் வருகிறது, பாறைகளில் குடைந்த பழைய தேவாலயங்களும் அங்கே உண்டு. ஆனாலும் அது நாட்டின் நடுப்பகுதியில், இந்த வளையத்துக்கு வெகுதொலைவில் உள்ளது.

நான்கு நாள்களையும் ஏழு ஊர்களுக்குச் சமமாகப் பங்கிடக் கூடாது. தியத்தீரா இன்று அக்ஹிசார் என்னும் நகரின் கடைத்தெருக்களுக்கு நடுவே வேலியிட்ட ஒரு சிறு இடிபாட்டுத் திடல். பிலதெல்பியாவாகிய அலாஷெஹிரில் முக்கியமாகக் காணக்கிடைப்பவை பிற்காலத் தேவாலயம் ஒன்றின் பருத்த தூண்களே. ஜெயங்கொள்ளுகிறவனை "என் தேவனுடைய ஆலயத்திலே தூணாக்குவேன்" என்று அவ்வூர்ச் சபைக்கான கடிதத்தில் வரும் வாக்கை அங்கே நின்று வாசிக்க அரைமணி நேரம் போதும். இஸ்மிரில் பழைய சந்தைவெளியையும், அந்நகரில் இரண்டாம் நூற்றாண்டில் இரத்தசாட்சியாக மரித்த பொலிகார்ப்பின் பெயரால் அமைந்த ஆலயத்தையும் காணலாம். ஆலயம் எப்போதும் திறந்திருக்காது என்பதால் முன்னதாகவே கேட்டு வைக்கச் சொல்லுங்கள். பெர்கமுவில் கோட்டைக் குன்றின்மேல் ஏறக் கம்பிவட ஊர்தி உண்டு, ஆனால் அங்குள்ள செங்குத்தான அரங்கின் படிகளில் மூட்டுவலி உள்ளவர்கள் இறங்க வேண்டாம். பெர்கமுவுக்கான கடிதம் குறிப்பிடும் "சாத்தானுடைய சிங்காசனம்" என்று பலர் கருதும், கிரேக்கக் கடவுள் சேயுசின் பலிபீடத்தின் அடித்தளம்தான் அங்கே இருக்கிறது. அதன் சிற்பங்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பெர்லினுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

மிச்சமாகும் நேரத்தை சர்தை, லவோதிக்கேயா, எபேசு ஆகிய மூன்றுக்கும் கொடுங்கள். சர்தையில் 1962இல் கண்டெடுக்கப்பட்ட யூத ஜெபஆலயம் பழங்கால ஜெபஆலயங்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. அதன் வாசலில் நின்று தெற்கே நிமிர்ந்து பார்த்தால், பாரசீக மன்னன் கோரேசின் வீரர்கள் காவலற்ற பக்கமாக ஏறிப் பிடித்ததாக வரலாறு சொல்லும் செங்குத்துக் கோட்டைமலை தெரியும். "நீ விழித்திராவிட்டால், திருடனைப்போல் உன்மேல் வருவேன்" என்ற எச்சரிப்பு அந்த ஊராருக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்பதை அந்த மலையே விளக்கிவிடும்.

லவோதிக்கேயாவுக்கு அரை நாளாவது வேண்டும். 2010இல் கண்டறியப்பட்ட நான்காம் நூற்றாண்டுத் தேவாலயம் அங்கே கூரையிட்டுப் பாதுகாக்கப்படுகிறது. அதைவிட முக்கியமாக, உள்ளே சுண்ணாம்பு தடிப்பாகப் படிந்துபோன கல் நீர்க்குழாய்களை உங்கள் வழிகாட்டி காட்டும்படி கேளுங்கள். வடக்கே 10 கிலோமீட்டர் தொலைவில் எராப்போலியின் வெந்நீர் ஊற்றுகள், கிழக்கே கொலோசெயின் குளிர்ந்த நீர், இரண்டும் இல்லாத இந்த ஊருக்குக் குழாயில் வந்த வெதுவெதுப்பான சுண்ணாம்புத் தண்ணீர் என்பதே இந்தச் சபையைக் கடிந்துகொள்ளும் "குளிருமின்றி அனலுமின்றி" என்ற சொற்களுக்குத் தரப்படும் பரவலான விளக்கம். கி.பி. 60இல் நிலநடுக்கத்தால் இடிந்த நகரை ரோமின் உதவியின்றித் தன் சொந்தச் செல்வத்தால் கட்டிக்கொண்ட ஊரும் இதுவே; "எனக்கு ஒரு குறைவுமில்லை" என்ற வசனத்தை வாசிக்கும்போது போதகர் இதையும் சொல்லட்டும்.

எபேசுவை நான்காம் நாள் காலையில், வாசல் திறந்தவுடன் பாருங்கள். பேருந்து உங்களை மேல்வாசலில் இறக்கிவிட்டுக் கீழ்வாசலில் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பதைத் திட்டத்தில் எழுத்தாகவே சேர்க்கச் சொல்லுங்கள், ஏனெனில் அப்படிச் செய்தால் நூலக முகப்பையும், தியானாள் தேவிக்கு வெள்ளிக் கோவில்கள் செய்த தட்டான் தெமேத்திரியு பவுலுக்கு எதிராக மூட்டிய கலகத்தில் "எபேசியருடைய தியானாளே பெரியவள்" என்று கூட்டம் இரண்டு மணி நேரம் கூச்சலிட்ட அரங்கையும் முதியவர்கள் இறக்கத்திலேயே நடந்து பார்த்துவிடலாம். சலவைக்கல் தெரு வழுக்கும். செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள காலணி வேண்டும். ஜூலை, ஆகஸ்டு மாத வெயிலில் அங்கே நிழலே கிடையாது என்பதால், ஏப்ரல் பிற்பகுதியையோ அக்டோபரையோ தேர்ந்தெடுங்கள்.

துருக்கியில் சுற்றுலாத் தலங்களை விளக்கிக் காட்ட உரிமம் பெற்ற உள்ளூர் வழிகாட்டிக்கு மட்டுமே அனுமதி உண்டு. எனவே உங்கள் போதகர் எந்த இடத்தில், எத்தனை நிமிடம் வேதம் வாசித்து ஜெபிப்பார் என்பதை முதல் நாளிலேயே வழிகாட்டியிடம் பேசி முடிவு செய்துகொள்ளட்டும். இடிபாடுகளருகே "பழைய நாணயம்" விற்பவர்களிடம் எதையும் வாங்க வேண்டாம், நினைவுக்காக ஒரு கல்லைக்கூட எடுக்க வேண்டாம். தொல்பொருளை நாட்டை விட்டு எடுத்துச் செல்வது அங்கே குற்றம்.

பத்முவைப் பொறுத்தவரை நிறுவனம் உங்களிடம் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அது கிரேக்கத் தீவு. அதற்கு, பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா தேவை. துருக்கி விசா ஒருமுறை நுழைவுக்கு மட்டும் கிடைத்திருந்தால், பத்முவைப் பார்த்தபின் திரும்பவும் துருக்கிக்குள் வர முடியாது. ஆகவே பத்முவை இடையில் வைக்காமல் கடைசியில் வைத்து, எபேசுவுக்கு அருகிலுள்ள குஷாதாசித் துறைமுகத்திலிருந்து படகில் சாமோஸ் தீவு வழியாகப் பத்முவுக்கும், அங்கிருந்து கப்பலில் ஏதென்சுக்கும் சென்று, அங்கிருந்தே ஊர் திரும்பும்படி விமானச் சீட்டைப் போடச் சொல்லுங்கள். இந்த வரிசையில் இன்னொரு வசதியும் உண்டு: செல்லுபடியாகும் ஷெங்கன் விசா வைத்திருக்கும் இந்தியர்கள் துருக்கிக்கு இணையவழி விசா பெறலாம், மற்றவர்களில் பெரும்பாலோர் விண்ணப்ப மையத்துக்குக் கடவுச்சீட்டை அனுப்பிக் காத்திருக்க வேண்டும். விதிகள் மாறக்கூடும் என்பதால் தூதரகத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிட்டு, ஷெங்கன் விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதத்துக்குள், ஆனால் மூன்று மாதமாவது முன்னதாகக் கொடுத்துவிடுங்கள். 26 பேருக்கும் விசா கையில் வரும்வரை முழுத்தொகையைச் செலுத்த வேண்டாம்.