லைன் வெட்டுப்பட்டால் கணக்கு என்னாகும்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கிளிநொச்சியில் உரக்கடை, மாங்குளத்திலும் முல்லைத்தீவிலும் கிளைகள். மூன்றுக்கும் பொதுவான களஞ்சியம் பரந்தனில். கணக்கு வைத்திருக்கும் சேர்வர் கிளிநொச்சியில் இருப்பதால் தொடர்பு லைன் வெட்டுப்பட்டால் கிளைகளில் பில் போட முடிவதில்லை. கடைக்கொரு தரவுத்தளம் வைத்தால் சரியாகுமா?

பில் போடலாம், ஆனால் வேறொரு தலையிடி வரும். களஞ்சியத்தில் 10 மூடை யூரியா மிச்சம் என்று வையுங்கள். லைன் இல்லாத நேரத்தில் மாங்குளத்தில் ஒருவர் 8 மூடைக்கும், முல்லைத்தீவில் ஒருவர் 7 மூடைக்கும் காசு கட்டிவிடுகிறார்கள். லைன் வந்து கணக்குகள் சேரும்போது 5 மூடை இடிக்கும். பரந்தனுக்கு லாண்ட்மாஸ்டரோடு வந்து நிற்பவருக்கு யார் பதில் சொல்வது?

இது மென்பொருளின் பிழை அல்ல. கணினி அறிஞர் எரிக் புரூவர் 2000இல் முன்வைத்ததை கில்பர்ட், லிஞ்ச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2002இல் நிரூபித்துவிட்டார்கள்: தொடர்பு அறுந்திருக்கும்போது எல்லா இடத்திலும் ஒரே கணக்கும் வேண்டும், எல்லா இடத்திலும் வேலையும் நடக்கவேண்டும் என்றால் நடக்காது. முடியும் என்று சொல்லி யாராவது விற்க வந்தால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

செய்யக்கூடியது, இருப்பைப் பங்கு பிரிப்பது. 100 மூடையில் கிளிநொச்சிக்கு 40, மற்ற இரண்டுக்கும் 30 வீதம். தன் பங்குக்குள் எந்தக் கிளையும் லைன் இல்லாமலே விற்கலாம். பங்கு முடிந்தால் மட்டும் மற்றக் கிளையிடம் கேட்கவேண்டும், அதற்கு லைன் வேண்டும். பெரும்போகத்தில் எந்தப் பக்கம் கேள்வி கூட என்று உங்களுக்குத்தான் தெரியும், அதன்படி பங்கை மாற்றுங்கள்.

கடன் கணக்கிலும் இதே சிக்கல்தான். அறுவடைக்குப் பிறகு தருகிறேன் என்று ஒரே கமக்காரர் ஒரே நாளில் இரண்டு கிளையிலும் எடுக்கலாம். ஆளுக்கு ஒரு கிளை என்று கட்டிவிடுங்கள். அவருடைய கடன் வரம்பு அங்கே மட்டும் இருக்கட்டும். விலைப்பட்டியலுக்கு இவ்வளவு பாடு வேண்டாம். கிளிநொச்சியில் மட்டும் மாற்றி, கிளைகளுக்குப் பிரதி போனால் போதும்.

இரண்டு கிளையிலும் ஒரே பில் இலக்கம் வருகிறதே?

கிளைக் குறியையும் இலக்கத்தையும் சேர்த்து முதன்மைச் சாவியாக்குங்கள் (ஒவ்வொரு பில்லையும் தனியாக அடையாளம் காட்டுவது அதுதான்): மாங்-1057, முல்-1057. கணினியே உருவாக்கித் தரும் நீண்ட அடையாளமான 128 பிட் யூயூஐடியும் சரிதான், ஆனால் அதைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டிப் பாருங்கள்!

வவுனியாவில் இரண்டு சேர்வர் வைத்திருக்கிறோம். ஒன்று விழுந்தால் மற்றது எடுக்கும். இடையில் கேபிள் கழன்றபோது இரண்டுமே தலைமை எடுத்துக்கொண்டன. ஏன்?

மற்றது செத்துவிட்டதா, கேபிள்தான் கழன்றதா என்று உள்ளேயிருந்து பிரித்தறிய வழியில்லை. அதனால்தான் பெரும்பான்மை வாக்குக் கேட்பது: மூன்றில் இரண்டு, ஐந்தில் மூன்று. இரண்டு பேரில் ஒருவர் பெரும்பான்மை ஆகமுடியாது. நான்காக்கினாலும் பயனில்லை, மூன்று எத்தனை விழுந்தால் தாங்குமோ அத்தனைதான் நான்கும் தாங்கும். மூன்றாவது பெரிய சேர்வராக இருக்கவேண்டியதில்லை. தரவே இல்லாமல் வாக்கு மட்டும் போடும் சின்னக் கணினி போதும். ஆனால் முதலாவது சேர்வரின் யூபிஎஸ்ஸிலேயே அதையும் சொருகிவிடாதீர்கள். அந்த யூபிஎஸ் போனால் இரண்டு வாக்கும் சேர்ந்தே போகும், மிஞ்சிய சேர்வர் நல்ல நிலையில் இருந்தும் வேலை செய்யாது.

மற்ற சேர்வரில் உடனுக்குடன் பிரதி ஆகிறதுதானே, பேக்கப் எதற்கு?

இங்கே கைதவறி ஓர் அட்டவணையை அழித்தால், ஐயோ என்பதற்குள் அங்கேயும் அழிந்திருக்கும். இரவில் ஒரு டம்ப், அதாவது தரவுத்தளம் முழுவதின் நகல், எடுத்துத் தனி டிஸ்க்கில் வையுங்கள். அப்புறம், அதை வேறொரு கணினியில் ஏற்றிப் பார்த்துவிட்டு, திறந்ததா என்று எழுதுங்கள்.