இது என்ன பார்ட், அண்ணா? பழைய வண்டிக் கேள்விகள்

கோத்தகிரியில் பட்டறை வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் வேலை குறைவு, கேள்விகள் அதிகம். கொட்டகையில் கிடந்த வண்டிகளைத் தூசி தட்டுகிறவர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கட்டபெட்டிலிருந்து: மாமாவின் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக், ஒன்பது வருஷம் ஓடவில்லை. ஆக்ஸிலேட்டர் கேபிள் பாதியில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கார்புரேட்டருக்குப் போகிறது, இன்னொன்று எஞ்சின் பக்கம் சும்மா தொங்குகிறது. சைடு கவருக்குள் பிசின் மாதிரி ஏதோ ஒட்டிய பிளாஸ்டிக் டப்பா. வெட்டி எறிந்துவிடலாமா அண்ணா?

கட்டரைக் கீழே வையுங்கள் தம்பி. அந்த டப்பா 2டி ஆயில் டேங்க், அதாவது டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்குள் பெட்ரோலோடு போக வேண்டிய ஆயிலுக்கானது. தொங்குவது ஆயில் பம்ப்பின் கேபிள். ஆக்ஸிலேட்டர் திருகத் திருக பம்ப்பும் அதற்கேற்ப ஆயில் விடும். யமஹா இதை ஆட்டோலூப் என்றது. பம்ப் மக்கர் செய்ததும் பலர் அதைக் கழற்றித் தகடு வைத்து அடைத்துவிட்டு, பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஓட்டுவார்கள். அது தப்பில்லை. விற்கும்போது வாயைத் திறக்காததுதான் தப்பு.

நானே ஏமாந்திருக்கிறேன். பட்டறை வைத்த புதிதில் ஒரு ஆர்எக்ஸ் வாங்கினேன். ஆயில் டேங்க் நிறைந்திருந்தது, நம்பி மேட்டுப்பாளையம் இறங்கினேன். குஞ்சப்பனைக்கு முன்னால் ஒரு வளைவில் கிறீச்சென்று பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. ஆயில் இல்லாமல் பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துவிட்டது. பிரித்துப் பார்த்தால் பம்ப்பே இல்லை. ஆயில் குழாயின் நுனியில் ஒரு போல்ட்டைச் சொருகி, கம்பி சுற்றி வைத்திருந்தார்கள்.

அதனால் முதலில் எஞ்சினின் வலது பக்க மூடியைத் திறந்து, பம்ப் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டப்பாவைக் கழுவிப் புது ஆயில் ஊற்றுங்கள். பம்ப்பில் காற்று எடுக்க ஒரு சின்ன ஸ்க்ரூ உண்டு. தளர்த்தினால் முதலில் குமிழ் குமிழாக வரும். குமிழ் நின்று ஆயில் மட்டும் வழிந்ததும் இறுக்கிவிடுங்கள். பம்ப் மேல் நம்பிக்கை வரும்வரை பெட்ரோலிலும் லிட்டருக்கு 20 மில்லி கலந்துகொள்ளுங்கள். புகை வரும், பரவாயில்லை. பம்ப் இல்லையென்றால் 30 மில்லி, ஒவ்வொரு முறையும், மறக்காமல்.

ஆயில் கலந்து ஓட்டும் வண்டியில் இறக்கம்தான் ஆபத்து. ஆக்ஸிலேட்டரை மூடி, கியரில் விட்டு இறங்கினால் எஞ்சின் வேகமாகச் சுற்றும், ஆனால் பெட்ரோலோடு சேர்ந்து வரவேண்டிய ஆயில் வராது. அவ்வப்போது கிளட்ச் பிடித்து ஒரு முறுக்கு முறுக்குங்கள்.

குன்னூரிலிருந்து: தாத்தாவின் புல்லட். கிளட்சுக்குக் கீழே ஒரு குட்டி லீவர், கியர் பெடல் பக்கத்தில் இன்னொரு லீவர். எது எதற்கு?

மேலே இருப்பது டிகம்ப்ரஸர். பிடித்தால் சிலிண்டருக்குள் அடைபட்ட காற்று வெளியேறும், கிக்கர் லேசாகும். பலர் கிக் அடிக்கும்போதே அதைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறார்கள். அப்படி ஸ்டார்ட் ஆகாது. சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். கல் மாதிரி நிற்கும் இடம் வரும், அம்மீட்டர் (கரண்ட் காட்டும் மீட்டர்) முள்ளும் நடுவுக்கு வரும். இப்போது லீவரைப் பிடித்து, கிக்கரைக் கொஞ்சமே கொஞ்சம் தள்ளுங்கள். லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே மிதி. உங்கள் தாத்தா வேட்டியோடு அடித்திருப்பார்.

கீழே இருப்பது நியூட்ரல் லீவர். கிளட்சைப் பிடித்து மிதித்தால் நான்கு, மூன்று, இரண்டு எதிலிருந்தும் நேராக நியூட்ரல். முதல் கியரிலிருந்து மட்டும் விழாது, ரிப்பேர் என்று நினைக்காதீர்கள்.

முள் அசையவே இல்லையா? பாயின்ட்டை, அதாவது ஸ்பார்க்குக்காக கரண்டைத் தொட்டு விடும் முனைகளைப் பாருங்கள். நம்ம ஊர் மூடுபனியில் நின்ற வண்டியில் பாயின்ட் பூத்திருக்கும். நைஸ் உப்புத்தாளால் ஒரு இழுப்பு, பிறகு சுத்தமான துணி.

மஞ்சூரிலிருந்து: யெஸ்டி வாங்கினேன். ஒரே ஒரு லீவர்தான் இருக்கிறது. கியர் லீவரை யாரோ கழற்றி விற்றுவிட்டார்களா?

இல்லை சார். யெஸ்டி தயாரித்த மைசூர்க்காரர்கள் அப்படித்தான் செய்தார்கள். கியரும் அதுவே, கிக்கரும் அதுவே. எஞ்சின் பக்கம் உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் கிக்கர். ஸ்டார்ட் ஆனதும் பழையபடி மடக்கினால் கியர். ஒற்றை சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர் ஏன் என்று அடுத்துக் கேட்பீர்கள். அதுவும் ஒரிஜினல்தான்.

ஊட்டியிலிருந்து: கோவையில் வாங்கிய பழைய ஸ்ப்ளெண்டர். அங்கே நன்றாக ஓடியது, இங்கே ஏற்றத்தில் இழுக்கவில்லை, பிளக் கரியாகிறது. கார்புரேட்டர் மாற்றச் சொல்கிறார்கள்.

பணத்தைப் பத்திரமாக வையுங்கள். ஊட்டி 2,240 மீட்டர். காற்றின் அடர்த்தி குறைவு, பெட்ரோல் மட்டும் கோவை அளவுக்கே போகிறது, அதனால்தான் கரி. முதலில் சோக் (குளிரில் ஸ்டார்ட் செய்ய பெட்ரோல் விகிதத்தைக் கூட்டுவது) முழுதாகத் திரும்புகிறதா பாருங்கள், துரு ஏறிப் பாதியில் நிற்கும். அப்புறம் ஏர் ஃபில்டர். இரண்டும் சரியென்றால் மெயின் ஜெட்டை, அதாவது கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளைத் திருகை, ஒரு நம்பர் குறைக்கலாம். ஆனால் வாராவாரம் கோவை இறங்குகிறவர் என்றால் ஜெட்டைத் தொடாதீர்கள். கீழே பெட்ரோல் பற்றாமல் எஞ்சின் சூடேறும். கொஞ்சம் கரி பரவாயில்லை.

அதே வண்டி, இன்னொரு கேள்வி: ஏர் ஃபில்டர் பெட்டிக்கு அடியில் மூடி போட்ட குட்டிக் குழாய். எங்கேயாவது மாட்ட வேண்டுமா?

வேண்டாம். பெட்டியில் சேரும் தண்ணீரையும் எண்ணெய்க் கசடையும் இறக்க வைத்தது. மூடியைப் பிடுங்கி வடித்துவிட்டு, திரும்பச் சொருகுங்கள்.