வெல்ஸ் பேராலயத்துக்குள் தெரியும் ‘கத்தரி வளைவு’ எதற்காக?

ஒரு கல் வளைவின் உச்சியில் இன்னொன்றைத் தலைகீழாக நிறுத்திய தாங்கல்தான் கத்தரி வளைவு. இங்கிலாந்தின் சாமர்செட்டில் உள்ள இந்தப் பேராலயத்தில் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

1313 முதல் நடுக்கோபுரத்தை உயர்த்திக் கட்டினார்கள். அடிமண் பாரம் தாங்கவில்லை. கோபுரம் சாய்ந்து விரிசல் விட்டது. 1338-இல் தொடங்கி, கோபுரத்தடியில் மூன்று பக்கம் இந்த வளைவுகளைக் கொடுத்துப் பாரத்தைத் தூண்களுக்கிடையே பகிர்ந்தார்கள். ஆடும் பெஞ்சின் கால்களுக்கு நடுவே பெருக்கல் குறி போலச் சட்டம் அடிப்போமே, அதே வேலை.

கிட்டே போய் அண்ணாந்து பாருங்கள்: இருபுறமும் கண்களைப் போல வட்டத் துளைகள். முட்டுக்கொடுத்ததைக்கூட இத்தனை அழகாகச் செய்திருக்கிறார்கள்!

வடிவம் புதுமையாக இருப்பதால் பலர் இதை 20-ஆம் நூற்றாண்டு வேலை என்று நினைக்கிறார்கள். 1348 வாக்கிலேயே முடிந்துவிட்டது.