கமராக் கேள்வி: கண் எங்கே போனது?

கேள்வி: தங்கச்சியின் சாமத்திய வீட்டுக்கு நான்தான் படம் எடுத்தேன். முற்றத்தில் நிற்கவைத்து மத்தியானம் எடுத்த படங்களில் நெற்றி வெள்ளை, கண் இருந்த இடத்தில் இரண்டு கறுப்புக் குழி. வேறு லென்ஸ் வாங்க வேண்டுமா?
- வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: காசை வைத்திருங்கள் பிள்ளை. லென்ஸில் பிழை இல்லை, முற்றத்தில்தான் பிழை. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாட்களில் பகல் 12:10 அளவில் வன்னியில் சூரியன் நேரே உச்சந்தலைக்கு மேல் நிற்கும். அப்போது புருவமே கண்ணை மறைக்கும் கூரையாகிவிடும்.

முறிகண்டிப் பிள்ளையாரடியில் அடுத்தமுறை இறங்கும்போது, கொட்டிலுக்குள் இருந்து கச்சான் விற்பவர்களின் முகத்தைப் பாருங்கள். கொளுத்துகிற வெயிலிலும் கண் தெளிவாகத் தெரியும். கூரை மேல் வெயிலை மறைக்கிறது, முன்னால் வெயில் பட்ட தரை வெளிச்சத்தைக் கீழிருந்து முகத்துக்கு எறிகிறது. அவ்வளவுதான் வித்தை. தங்கச்சியை விறாந்தை விளிம்புக்குள் ஒரு அடி உள்ளே, முற்றத்தைப் பார்த்தபடி நிறுத்துங்கள். முன்னால் தரையில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்தால் நாடிக்குக் கீழுள்ள இருட்டும் குறையும். என் பையில் எப்போதும் ஒரு நாலு முழம் இருக்கும். அதைப் பார்த்துச் சிரிக்காத மாப்பிள்ளை வீட்டார் இல்லை.

நிழல்தானே என்று நீலத் தறப்பாளுக்குக் கீழே மட்டும் போகவேண்டாம். தொழில் தொடங்கிய புதிதில் ஒரு கலியாணப் பந்தியையே அப்படி எடுத்தேன். சனம் முழுக்க நீலம், சோறும் நீலம். கமராவே சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் கோப்பாக எடுத்ததால் திருத்தவும் முடியவில்லை. பெண்ணின் தாய் இன்றும் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்புவார். கமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரோ கோப்பாக எடுத்திருந்தால் நிறத்தை ஓரளவாவது மீட்டிருக்கலாம்.

முற்றம்தான் வேண்டும் என்று வீட்டார் அடம்பிடித்தால், வெயிலிலேயே பிளாஷைப் போடுங்கள். கமராவில் ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 100, ஷட்டர் 1/200 செக்கன், லென்ஸ் துவாரம் எஃப் 11. கமராவோடு வரும் சின்னப் பிளாஷ் அந்தத் துவாரத்தில் தூரம் எட்டாது, இரண்டு மீற்றருக்குள் நில்லுங்கள். முகத்தை வெயிலுக்குக் காட்டாமல் முதுகைக் காட்டச் சொல்லுங்கள், கண் சுருங்காது.

கேள்வி: இரணைமடுக் குளக்கட்டில் நின்று எடுத்தால் வானம் வெறும் வெள்ளையாக வருகிறது. ஏன்?
- வாசகர், வட்டக்கச்சி

பதில்: இருண்ட குளக்கட்டையும் மரங்களையும் பார்த்து கமரா கூடுதல் வெளிச்சத்தை எடுத்துக்கொள்கிறது. எக்ஸ்போஷரை, அதாவது கமரா எடுக்கும் வெளிச்சத்தின் அளவை, ஒரு படி குறைத்து எடுங்கள், இருண்டுபோகும் கரையின் வெளிச்சத்தைப் பிறகு கணினியில் தூக்கலாம். அல்லது பின்னேரம் ஐந்து மணிக்குப் போங்கள். நான் என்றால் ஐந்து மணிக்குத்தான் போவேன், மீன் வாங்கவும் வசதி.